மெழுகு போன வழி

வார்ப்புப் பட்டறையில் உலோகம் ஊற்றுவதற்கு முந்தைய நிமிடத்தில் அங்கிருக்கும் எல்லாவற்றிலும் விலைமதிப்பு மிக்கது ஓர் ஓட்டைதான். அச்சுக்குள், சிலையின் வடிவத்திலேயே இருக்கும் வெற்றிடம். முன்பு அந்த இடத்தில் மெழுகு இருந்தது. விரல், நகம், ஆடை மடிப்பு, அணிகலன் என்று எல்லாம் அந்த மெழுகில்தான் செதுக்கப்பட்டிருந்தன. இப்போது அது இல்லை, மீட்டெடுக்கவும் முடியாது. அச்சில் ஒரு விரிசல் விழுந்தாலோ, உள்ளே கொஞ்சம் கரி ஒட்டிக்கொண்டிருந்தாலோ சிற்பியின் உழைப்பு மொத்தமும் வீண்.

மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி மண் பூசி, சுட்டு, மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் இந்த முறை மிகப் பழையது. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்ற தொல்லூரில் சக்கர வடிவத்தில் ஒரு சின்னஞ்சிறு செம்புத் தாயத்து கிடைத்தது. வயது சுமார் 6,000 ஆண்டு. அதை ஒளியால் துருவி ஆராய்ந்த அறிவியலாளர்கள், மெழுகு வார்ப்பில் செய்தது என்று 2016-இல் உறுதி செய்தார்கள். மொகஞ்சதாரோவின் நடன மங்கையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அதே வழியில் பிறந்தவை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள். நகைப் பட்டறைகளில் மோதிரமும் தோடும் அப்படித்தான் உருவாகின்றன.

இந்த வேலைக்கு நெருப்பு இரண்டு முறை தேவை. உலோகத்தை உருக்கும் நெருப்பைத்தான் எல்லோரும் வியந்து பார்க்கிறோம்: மூசையில் தளதளக்கும் வெண்கலம், பொறி, வெளிச்சம். அதற்கு முன்னால் அச்சைச் சுடும் நெருப்பைப் பார்க்கக் கூட்டம் கூடுவதில்லை. ஆனால் வீட்டுக் கொல்லையில் சொந்தமாகச் சூளை கட்டி ஒரு சிறு சிற்பத்தையோ மோதிரத்தையோ வார்க்க நினைப்பவர்களுக்கு அந்த முதல் நெருப்புதான் பெரும்பாடு. கரியும் காற்றும் இருந்தால் உலோகம் உருகிவிடும். ஓட்டையைச் சுத்தமாகச் சுட்டெடுக்க வேறொன்று தேவைப்படுகிறது: நேரத்தைக் கட்டுப்படுத்தும் அடுப்பு.

வெளியேறும் வரிசை

நகைத் தொழிலிலும் வீட்டு வார்ப்பிலும் பெரும்பாலும் அச்சுக்குப் பயன்படுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் நுண்ணிய சிலிக்காத் தூளும் கலந்த மாவு. தண்ணீர் விட்டுக் கரைத்து, மெழுகு உருவத்தைச் சுற்றி ஊற்றினால் சற்று நேரத்தில் இறுகிக் கல்லாகிவிடும். அந்தக் கல்லுக்குள் இப்போது நான்கு விருந்தாளிகள்: ஈரம், மெழுகு, படிகத்துக்குள் பூட்டிய நீர், மெழுகு விட்டுச் செல்லப்போகும் கரி. ஒவ்வொன்றும் கிளம்புவதற்கு ஒரு வெப்பநிலை உண்டு. வரிசை குலைந்தால் அச்சு உடையும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. உருகும்போது அதன் பருமன் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெருகுகிறது. வெளியே ஓட வழியில்லாமல் நடுவில் உள்ள மெழுகு முதலில் உருகினால் அச்சை உள்ளிருந்தே பிளக்கும். அதனால் மெழுகுத் தண்டுகளை உருவத்தோடு ஒட்டி வெளிவாய் வரை கொண்டுவருகிறார்கள். மெழுகு இறங்கிப் போவதும், பிறகு உலோகம் ஏறி வருவதும் அதே பாதையில்தான். அச்சு ஈரமாக இருக்கும்போதே நீராவி காட்டி மெழுகை இறக்குவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. சுவரின் நுண்துளைகளில் ஏற்கனவே தண்ணீர் நிறைந்திருப்பதால் மெழுகு அதற்குள் ஊறாது.

அடுத்து ஈரம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். 100 டிகிரியைப் பாய்ந்து தாண்டும் சூளையில் இந்த ஆவி நுண்துளைகள் வழியாக வெளியேற அவகாசம் கிடைக்காது. சுவரைப் பெயர்த்துக்கொண்டு வரும். மெதுவாகக் காய்ந்தாலும் வெளிப்பக்கம் முந்தி உலர்ந்து சுருங்கி, உட்பக்கம் ஈரமாகவே நின்றால், கோடையில் வற்றும் ஏரியின் வண்டல் போல அச்சு பாளம் பாளமாக வெடிக்கும்.

ஈரம் போன பிறகும் நீர் மிச்சமிருக்கிறது. பிளாஸ்டர் இறுகிக் கல்லாவதே தண்ணீரைத் தன் படிகத்துக்குள் பூட்டிக்கொள்வதால்தான். இறுகிய ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் நீர். கையில் எடுத்தால் சுண்ணாம்பு போல வறண்டிருக்கும் ஒரு கிலோ ஜிப்சத்துக்குள் 200 கிராமுக்கு மேல் தண்ணீர் ஒளிந்திருக்கிறது! 100 டிகிரியைத் தாண்டியதும் அந்தப் பூட்டு கழலத் தொடங்கும். நகைப் பட்டறைகளில் 150 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூளையை நிறுத்திவைப்பது இதற்காகத்தான்.

அடுத்த கண்டம் சிலிக்காவின் குணத்தால் வருவது. குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் திடீரென்று தன் அணு அடுக்கை மாற்றிக்கொண்டு விரிகிறது. அதன் உறவான கிரிஸ்டோபலைட் 200 டிகிரியைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே இன்னும் அதிகமாக விரியும். அச்சின் ஒரு பக்கம் இந்த எல்லையைத் தாண்டி மறுபக்கம் தாண்டாமல் இருந்தால் விரிசல் நிச்சயம். ஆனால் இந்த வில்லங்கத்தையே தொழில் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. உறைந்த உலோகம் ஆறும்போது ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். அச்சு முன்கூட்டியே சற்று விரிந்திருந்தால் அந்தச் சுருக்கத்தில் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. பல் மருத்துவர்களின் உலோக வார்ப்பு வாயில் கச்சிதமாகப் பொருந்துவதற்கு இந்தப் படிகத் தாவலும் ஒரு காரணம்.

கடைசி விருந்தாளி கரி. உருகி ஓடியது போக, சுவரில் ஊறிய மெழுகு கருகித் தங்கும். அது எரிந்து கரியமில வாயுவாகிப் போக 700 டிகிரியை ஒட்டிய சூடும் தாராளமான காற்றும் வேண்டும். போகாவிட்டால் உலோகம் ஊற்றும்போது காற்று வெளியேற வேண்டிய நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். சிற்பத்தின் ஓரங்கள் மழுங்கிப்போகும். சரி, இன்னும் சூட்டை ஏற்றிவிடலாமே என்றால் அதற்கும் வேலி இருக்கிறது. சுமார் 750 டிகிரியைத் தாண்டினால், அதுவும் கரி மிச்சமிருந்தால், ஜிப்சமே சிதைந்து கந்தக வாயுவை விடத் தொடங்கும். அது உலோகத்தில் பொத்தல் போடும், கறுக்கவைக்கும். ஆகவே வீட்டுச் சூளை கட்டுபவருக்குக் கிடைத்திருக்கும் பாதை ஒடுங்கியது: மெல்ல ஏறு, இடையிடையே நில், 730 டிகிரியில் சில மணி நேரம் காத்திரு, அதற்கு மேல் போகாதே.

சுவரின் வேலை

இந்தப் பாதையில் நடக்க எவ்வளவு ஆற்றல் தேவை? சூளை என்றதும் நம் மனத்தில் வருவது பெருந்தீ. கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது.

உட்புறம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 23 செ.மீ. உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். சிறு சிலை ஒன்றோ, மோதிர அச்சுகள் சிலவோ இதற்குள் அடங்கும். சுவருக்கு 11.5 செ.மீ. பருமனில் இன்சுலேஷன் செங்கல். உள்ளே 730 டிகிரி இருக்கையில் சுவர் வழியாகக் கசியும் வெப்பம் சுமார் 700 வாட்தான். அதே பருமனுக்குக் கனமான சாதாரண ஃபயர்பிரிக் வைத்தால் கசிவு 4,000 வாட்டைத் தாண்டும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் தரக்கூடிய 2,000 வாட்டைக் கொண்டு முதல் சூளையை எளிதாகச் சூடேற்றலாம். இரண்டாவது அந்த வெப்பநிலையை எட்டவே எட்டாது.

இரண்டு செங்கல்லும் ஏறக்குறைய ஒரே வகைக் களிமண்தான். வித்தியாசம் உள்ளே இருக்கும் காற்றில். இன்சுலேஷன் செங்கல்லைச் சுடும்போது அதற்குள் எரிந்துபோகும் பொருள்களைக் கலந்து, ஆயிரக்கணக்கான நுண்துளைகளை விட்டுவைக்கிறார்கள். தனித்தனிச் சிறைகளில் அடைபட்ட காற்று அசையாது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. இந்தச் செங்கல் ரம்பத்தில் அறுபடும் அளவுக்கு மென்மையானது. நகத்தால் கீறினாலும் உதிரும். ஆனாலும் 1,260 டிகிரி வரை தாங்கும் ரகம் கடைகளில் கிடைக்கிறது. ஓட்டை செய்வதற்கான சூளையின் சுவரே ஓட்டைகளால் ஆனது!

சுவரைவிட ஆபத்தானவை இடுக்குகள். சூடான பரப்பு வீசும் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின் நான்காம் மடியில் ஏறுகிறது. அறைச் சூடு ஏறக்குறைய 300 கெல்வின். 727 டிகிரி செல்சியஸ் என்பது 1,000 கெல்வின். வெப்பநிலை மூன்றரை மடங்குகூட ஆகவில்லை. கதிர்வீச்சோ 120 மடங்கைத் தாண்டிவிடுகிறது. 1,000 கெல்வினில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் திறப்பும் 5.7 வாட்டை வெளியே வீசும். கதவு சரியாகப் பொருந்தாமல் மொத்தம் 100 சதுர சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 570 வாட் போச்சு. சுவருக்குப் பார்த்துப் பார்த்துச் செங்கல் வாங்கியவர் கதவில் கோட்டை விட்டால் இதுதான் கதி.

ஆனால் முழுவதும் அடைத்துவிடவும் கூடாது. 100 கிராம் மெழுகு முழுதாக எரிய 1,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். நம் பெட்டியின் கொள்ளளவு வெறும் 12 லிட்டர். ஆகவே மெழுகைச் சூளைக்குள் எரிப்பது என்ற எண்ணமே தவறு. பெரும்பகுதியை முன்னாலேயே உருக்கி இறக்கிவிட வேண்டும். ஊறிய மிச்சத்தை மட்டும் எரிக்கக் கீழே ஒரு சிறு துளை, மேலே ஒரு சிறு துளை. ஒன்றரை செ.மீ. விட்டமுள்ள துளை வழியே இழப்பது 10 வாட்தான். அந்தச் செலவைச் செய்யலாம்.

தானே தோல் வளர்க்கும் கம்பி

சூட்டைத் தரும் கம்பிக்கு ஒரு கதை உண்டு. சாதாரண இரும்புக் கம்பியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினால் விரைவில் துரு செதிலாகி உதிர்ந்துவிடும். அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற நிக்ரோம் என்ற நிக்கல்–குரோமியக் கலவை இதை மாற்றியது. பிறகு ஸ்வீடனில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோ உருவாக்கிய இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலவை கான்தல் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இந்தக் கம்பி முதல் முறை சூடாகும்போது அதிலுள்ள அலுமினியம் மேற்பரப்புக்கு வந்து காற்றோடு சேர்ந்து, மெல்லிய அலுமினா உறையாகப் படிகிறது. அந்த உறை உள்ளே காற்றை விடாது. கீறல் விழுந்தால் அடியிலிருந்து புதிய அலுமினியம் வந்து மூடிவிடும். கம்பி தனக்குத் தானே தோல் வளர்த்துக்கொள்கிறது. அந்தத் தோலால்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

230 வோல்ட்டில் 2,000 வாட் வேண்டுமென்றால் கம்பியின் மின்தடை சுமார் 26 ஓம் இருக்க வேண்டும். 1.2 மி.மீ. பருமனுள்ள கான்தலில் அதற்கு 20 மீட்டருக்குச் சற்று மேல் ஆகும். அதைச் சுருளாகச் சுற்றி, செங்கல்லில் வெட்டிய வரிப்பள்ளங்களில் பதிக்கிறார்கள். ஒருமுறை சிவந்த கம்பி ஆறியபின் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுவதால், வளைப்பது நெளிப்பது எல்லாம் முதல் சூட்டுக்கு முன்பே முடிய வேண்டும். வெளித்தகட்டுக்கு எர்த் இணைப்பும், கதவைத் திறந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாத சூளையை எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சரிசெய்யும் வரை தொடாமல் இருப்பதே நல்லது.

சூளைக்குக் கண்

உள்ளே என்ன வெப்பநிலை என்று தெரிவது எப்படி? அமெரிக்கரான ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இல் ஒன்றைக் கண்டறிந்து சொன்னார். எந்தத் திடப்பொருளாக இருந்தாலும் ஏறக்குறைய 525 டிகிரியில்தான் கண்ணுக்குத் தெரியும்படி மங்கிய சிவப்பில் ஒளிரத் தொடங்கும். இரும்பு, செங்கல், சாம்பல் எல்லாவற்றுக்கும் அதே எல்லை. கொல்லரும் ஸ்தபதியும் இந்த அளவுகோலைக் கண்ணாலேயே பழகி வைத்திருக்கிறார்கள். 700-ஐத் தாண்டியதும் சிவப்பு நன்றாகத் தெளிந்துவிடும். ஆனால் சூளையை இடையில் நிறுத்திவைக்கும் 150 டிகிரியிலும் 370 டிகிரியிலும் அது இருட்டாகவே இருக்கிறது. அச்சு உடைவது பெரும்பாலும் அந்த இருட்டில்தான்.

அங்கே உதவுவது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் சுற்றில் மின்விளைவு தோன்றும் என்பதை ஜெர்மானியரான தாமஸ் சீபெக் 1821-இல் கண்டார். இன்று எளிதாகக் கிடைக்கும் கே-ரகத் தெர்மோகப்பிள் 730 டிகிரியில் தருவது சுமார் 30 மில்லிவோல்ட். ஒரு கட்டை பேட்டரியின் மின்னழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தச் சன்னமான சமிக்ஞையைக் கண்ட்ரோலர் படித்து, கம்பிக்கு மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் 2,000 வாட்டை ஆட்டிவைக்கிறது.

ஆனால் தெர்மோகப்பிள் சொல்வது சூளையின் உட்சூட்டை. அச்சின் நடுவயிறு இன்னும் பின்தங்கியிருக்கும். பிளாஸ்டர் போன்ற பொருளில் 5 செ.மீ. ஆழம் வரை சூடு இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆழம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும், ஏனென்றால் வெப்பம் ஊடுருவும் காலம் தூரத்தின் இருமடியில் ஏறுகிறது. சிறிய மோதிர அச்சுக்கு ஒரு பகல் போதும். கனத்த சிற்ப அச்சுக்கு இரவு பகலாகச் சூளை எரிய வேண்டும். எண் 730 காட்டியதும் சூளையை அணைத்துவிட்டவரின் அச்சுக்குள் கரி அப்படியே இருக்கும்.

இரண்டாம் நெருப்பு

ஓட்டை தயார் என்றால் உலோகத்துக்கு வருவோம். மெழுகு உருவத்தையும் தண்டுகளையும் முன்பே நிறுத்து வைத்திருக்க வேண்டும். வெண்கலம் மெழுகைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அடர்த்தி உள்ளது. 100 கிராம் மெழுகுக்குச் சுமார் 900 கிராம் உலோகம். மெழுகை நிறுத்து அதன் மடங்குகளில் உலோகம் எடுக்கும் வழக்கத்தை 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் பெயரில் வந்த மானசோல்லாசமே பேசுகிறது.

உருக்கும் உலையில் என்ன நேரலாம் என்பதற்கு இத்தாலியின் பென்வெனுட்டோ செல்லினி பெரிய சாட்சி. ஃபிளாரன்ஸில் பெர்சியஸ் சிலையை வார்க்கத் தன் பட்டறையிலேயே உலை கட்டினார். மெழுகை வெளியேற்றவே இரண்டு நாள் இரவு பகலாக மெல்லிய தீ எரித்ததாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். அந்தக் கட்டம் அமைதியாக முடிந்தது. உலோகம் உருக்கியபோதுதான் பட்டறைக் கூரையில் தீப்பிடித்தது. தோட்டப் பக்கமிருந்து மழையும் காற்றும் புகுந்து உலையைக் குளிரவைத்தன. அவருக்கோ கடும் காய்ச்சல். உலோகம் பாதியில் கட்டி தட்டியது. உலர்ந்த ஓக் விறகைத் திணித்துச் சூட்டை ஏற்றினார். பிறகும் ஓட்டம் மந்தமாக இருக்கவே, வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டுகள் ஏறக்குறைய இருநூறை உள்ளே எறிந்தார். உலோகம் ஓடியது. அந்தச் சிலை 1554 முதல் ஃபிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது.

செல்லினி செய்தது மந்திரமல்ல. தனிச் செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதில் பத்து சதவீதம் வெள்ளீயம் கலந்தால் ஏறக்குறைய 1,000 டிகிரியிலேயே முழுதாக உருகிவிடும். உலையால் ஏற்ற முடியாத சூட்டை, கலவையின் தேவையைக் குறைத்து ஈடுகட்டினார். பித்தளையில் மட்டும் வேறு எச்சரிக்கை: அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டுவிடும். அச்சு மாவிலுள்ள சிலிக்காத் தூளுக்கும், சூளைச் சுவருக்குச் செங்கல்லுக்குப் பதில் சிலர் வைக்கும் செராமிக் கம்பளியின் இழைகளுக்கும் முகக்கவசம் கட்டாயம். அவை நுரையீரலில் தங்கினால் திரும்பி வருவதில்லை.

சூளை இல்லாத சூளை

சுவாமிமலையில் இதற்கெல்லாம் பெட்டியும் கண்ட்ரோலரும் கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து செய்த உருவத்தின்மேல் முதலில் காவிரியின் வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். அதில் உமிக்கரியும் சேரும். அதன்மேல் வயல்மண்ணும் மணலுமாகக் கனத்த அடுக்குகள், பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. காய்ந்த அச்சைச் சுற்றி வறட்டி அடுக்கி மூட்டுவார்கள். வறட்டி சீறி எரியாமல் கனன்று கனன்று சூட்டை ஏற்றுகிறது. கனத்த மண் அடுக்கே அந்தச் சூட்டைத் தாமதப்படுத்தி, உள்ளே சீராக அனுப்புகிறது. கண்ட்ரோலர் செய்யும் வேலையை வறட்டியின் அடுக்கும் மண்ணின் பருமனும் பகிர்ந்துகொள்கின்றன. உமிக்கரியால் ஏற்படும் நுண்துளைகள் ஊற்றும்போது காற்றுக்கு வழிவிடுகின்றன.

கிழக்கிந்தியாவின் டோக்ரா கைவினைஞர்கள் சிலர் இன்னும் சிக்கனமானவர்கள். உலோகத் துண்டுகளை ஒரு மண்குப்பியில் போட்டு அச்சோடு சேர்த்தே பூசி மூடிவிடுகிறார்கள். மொத்தத்தையும் ஒரே நெருப்பில் வைத்து, உலோகம் உருகியதும் தலைகீழாகக் கவிழ்த்தால் அது தானே ஓட்டைக்குள் இறங்கும். அச்சும் உலோகமும் ஒரே சூட்டில் இருப்பதால் பாதி வழியில் உறையும் பயம் குறைவு.

வீட்டில் சூளை கட்டுகிறவர் இந்த இருவரிடமும் கற்க வேண்டியது ஒன்றுதான்: காசை முதலில் சுவரில் போட வேண்டும், அடுத்து நேரத்தில், பெரிய நெருப்பு கடைசித் தேவை. அந்தச் செலவு வீண்போகவில்லை என்பதை அறிய எளிய சோதனை இருக்கிறது. சுட்ட பிளாஸ்டர் அச்சின் வாயை உற்றுப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் உள்ளே கரி இருக்கிறது, இன்னும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். உட்சுவர் வெளுத்திருந்தால் மெழுகு முழுதாகப் போய்விட்டது, மூசையை எடுக்கலாம்.